வாசலில் இருக்கும் வாயையும் பாருங்கள்

நாமக்கல் மாவட்டம் புதன்சந்தையில் மாடு வாங்க வருகிறவர் அதன் உதட்டை விலக்கிப் பல்லைப் பார்க்காமல் விலை பேசமாட்டார். ரெண்டு பல் என்றால் வயது இரண்டை ஒட்டியிருக்கும். எட்டும் முளைத்துக் கடை சேர்ந்துவிட்டால் நாலு வயதை நெருங்கியிருக்கும். சேலம் மாவட்டம் பனமரத்துப்பட்டிப் பக்கத்திலும் கறவை வைத்திருக்கும் வீடுகளில் பிள்ளைகள்கூட அறிந்த கணக்குதான். ஆனால், அதே வீட்டு வாசலில் படுத்திருக்கும் நாயின் வாயைத் திறந்து பார்ப்பவர் அரிது. நாற்றம் அடித்தால், ‘நாய் வாய் அப்படித்தான்’ என்று விட்டுவிடுகிறார்கள்.

அந்த நாற்றம்தான் முதல் எச்சரிக்கை.

வளர்ந்த நாய்க்கு 42 பற்கள், பூனைக்கு 30. பல்லின்மேல் கிருமிகள் வழவழப்பான படலமாகப் படிகின்றன. துடைத்து எடுக்காவிட்டால், எச்சிலிலுள்ள தாதுக்கள் சேர்ந்து சில நாட்களிலேயே அது காரையாக இறுகிவிடும். பிறகு ஈறு சிவந்து வீங்கும். பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு கரையும். மூன்று வயதுக்குள் பெரும்பாலான நாய்களுக்கு இது ஏதோவோர் அளவில் தொடங்கிவிடுகிறது. சின்னத் தாடையில் பற்கள் நெருங்கி நிற்பதால் பொமரேனியன் போன்றவற்றுக்குத் தொல்லை இன்னும் அதிகம்.

வலியை நாய் வெளிக்காட்டாது. ஒரு பக்கமாகவே மெல்லும், வாயிலெடுத்த சோற்றைக் கீழே போடும், அவ்வளவுதான். சில நாய்களுக்குக் கண்ணுக்குக் கீழே வீங்கும். கண்ணில் ஏதோ அடிபட்டதென்று வீட்டார் சொட்டுமருந்து தேடுவார்கள். பல நேரம் மேல்தாடைப் பெரிய கடைவாய்ப்பல்லின் வேரில் சீழ் பிடித்திருக்கும். எலும்பைக் கடித்துப் பல் விண்டுபோவது அதற்கு ஒரு முக்கியக் காரணம். எலும்பு பல்லைச் சுத்தமாக்கும் என்று நம்பிக் கறிக்குழம்பில் வெந்ததைப் போடுவது கூடாது. அது சிராய்ச்சிராயாக உடைந்து தொண்டையிலும் குடலிலும் குத்தும்.

நம்முடைய பற்பசையும் வேண்டாம். நாய்க்குத் துப்பத் தெரியாது. சில பசைகளில் சேர்க்கப்படும் சைலிட்டால் என்ற இனிப்பு, அதன் ரத்தச் சர்க்கரையைத் திடீரெனக் குறைத்து உயிருக்கே உலை வைக்கும். விலங்குகளுக்கென்றே விற்கும் பசையை மென்மையான பிரஷ்ஷில் தொட்டு, குட்டியாக இருக்கும்போதே பழக்குவது நல்லது. தொடக்கத்தில் விரலில் ஈரத்துணியைச் சுற்றித் தேய்த்தாலும் போதும். தினமும் செய்தால்தான் முழுப்பலன்.

இறுகிய காரையை வீட்டில் சுரண்டக் கூடாது. மயக்க மருந்து கொடுத்து, ஈறுக்கு அடியிலும் சுத்தம் செய்வது மருத்துவர் வேலை. இந்தச் சுற்றுவட்டாரத்துக்கு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி எட்டாத தூரமில்லை. அடுத்த முறை வெறிநாய்த் தடுப்பூசிக்கு அழைத்துப் போகும்போது, பல்லையும் ஒருமுறை பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.