கட்டடம் உங்களுடையது, மேனேஜர் எங்களுடையவர்!



சரக்கு எடுக்க என் கடைக்கு வரும் சில்லறை வியாபாரிகள் இப்போது அடிக்கடி ஒரு கேள்வி கேட்கிறார்கள். "அண்ணாச்சி, பெரிய கம்பெனிக்காரர்கள் வந்து, உங்கள் கடையில் எங்கள் பெயர்ப் பலகையை மாட்டுங்கள், வியாபாரம் கூடும் என்கிறார்கள். மாட்டலாமா, வேண்டாமா?" ஒற்றை வார்த்தையில் பதில் சொல்ல என்னால் முடியவில்லை. ஆகவே, அடுத்தவர் கட்டடத்தில் தன் பலகையை மாட்டியே உலகத்தின் முன்வரிசைக்கு வந்துவிட்ட ஒரு சீனக் கம்பெனியைப் பற்றி இங்கே எழுதுகிறேன். தொழில் வேறு என்றாலும் கணக்கு ஒன்றுதான்.

அந்தக் கம்பெனியின் பெயர் ஹுவாஜூ. தொழில், ஹோட்டல் நிர்வாகம். ஹோட்டல் என்றதும் நமக்கு இட்லியும் சாம்பாரும் நினைவுக்கு வரும். இது சாப்பாட்டு ஹோட்டல் அல்ல. தங்கும் விடுதி, நம் பேச்சில் லாட்ஜ். 2005-ல் ஒரே ஒரு விடுதியோடு தொடங்கிய கம்பெனி இது. 2024-ம் ஆண்டு முடிவில் அதன் பெயரில் 11,000-க்கும் மேற்பட்ட விடுதிகளும், அவற்றில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட அறைகளும் இருந்தன. இருபதே ஆண்டுகளில் இந்த வளர்ச்சி! பங்குச் சந்தையில் உள்ள கம்பெனி ஆதலால் வரவு செலவை ஊரறிய வெளியிட்டாக வேண்டும். அதனால்தான் நம்மைப் போன்றவர்களும் அதன் கணக்கைப் பார்க்க முடிகிறது.

தரகுக் கடையில் கற்ற பாடம்

இதைத் தொடங்கியவர் திரு. ஜி ச்சீ. 1966-ல் ஜியாங்சு மாகாணத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். ஷாங்காயில் பொறியியல் படித்தார். 1999-ல் மூன்று கூட்டாளிகளுடன் சேர்ந்து சீட்ரிப் என்ற கம்பெனியை ஆரம்பித்தார். விமான டிக்கெட்டும் விடுதி அறையும் முன்பதிவு செய்து கொடுப்பது அதன் வேலை. நம் பாஷையில் சொன்னால் தரகு.

தரகுக் கடையில் உட்கார்ந்தவருக்கு எந்தச் சரக்குக்குக் கிராக்கி, எந்தச் சரக்கு சந்தையில் இல்லை என்பது மற்றவர்களுக்கு முன்பே தெரிந்துவிடும். அன்றைய சீனாவில் ஒரு பக்கம் நட்சத்திர ஹோட்டல்கள், வாடகை கட்டுப்படியாகாது. மறுபக்கம் பழைய விருந்தினர் இல்லங்கள்; சுத்தத்துக்கு உத்தரவாதம் இல்லை. ஆர்டர் பிடிக்க ஊர் ஊராகப் போகும் விற்பனைப் பிரதிநிதியும், கொள்முதலுக்குப் போகும் சிறு வியாபாரியும் நியாயமான வாடகையில் தங்க நல்ல இடம் குறைவு. இந்தக் குறையைத் தீர்க்க 2002-ல், பெய்ஜிங்கின் அரசுச் சுற்றுலா நிறுவனத்தோடு கூட்டாக, ஹோம் இன்ஸ் என்ற விடுதித் தொடரைத் தொடங்கினார். 2005-ல் அதிலிருந்து விலகி, ஷாங்காய்க்குப் பக்கத்தில் குன்ஷான் நகரில் ஹான்திங் என்ற பெயரில் புதிய விடுதியைத் திறந்தார். அதுதான் ஹுவாஜூவின் வித்து.

சீட்ரிப் 2003-லும், ஹோம் இன்ஸ் 2006-லும், ஹான்திங் கம்பெனி 2010-லும் அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையில் பங்கு வெளியிட்டன. ஒரே மனிதர் தொடங்கிய, அல்லது தொடங்குவதில் பங்கு கொண்ட, மூன்று கம்பெனிகள்!

வேண்டாததை வெட்டினார்

ஹான்திங்கில் பெரிய வரவேற்புக் கூடமோ, நீச்சல் குளமோ, விருந்து மண்டபமோ இல்லை. வேலையாக வந்து ஒரிரவு தங்குபவருக்கு வேண்டியது சுத்தமான படுக்கை, வெந்நீர், இணைய வசதி, ரயில் நிலையத்துக்கோ கடைத்தெருவுக்கோ பக்கமாக ஓர் இடம். இவற்றில் குறை வைக்காமல், மற்ற செலவுகளை எல்லாம் வெட்டினார்கள்.

பின்னாளில் அறை வாங்கவும் காலி செய்யவும் இயந்திரம் வைத்தார்கள். அறை எடுக்க 30 நொடி, காலி செய்ய 0 நொடி என்பது அவர்கள் விளம்பர வாசகம். அந்த இயந்திரத்துக்கு வைத்த பெயர் ஹுவா ஜாங்குவே. ஜாங்குவே என்பது கல்லாவில் உட்காரும் கடைக்காரருக்குச் சீனர்களின் பழைய பெயர். கடைக்காரர் பெயரை இயந்திரத்துக்கு வைத்துவிட்டார்கள். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் யோசனையும் வந்தது.

மேனேஜரை அனுப்பும் முறை

ஆரம்பத்தில் கட்டடத்தைக் குத்தகைக்கு எடுத்துத் தாங்களே நடத்தினார்கள். 2009 முடிவில் இருந்த 236 விடுதிகளில் நான்கில் மூன்று பங்குக்குக் கிட்ட இப்படிப்பட்டவைதான். ஒவ்வொரு கட்டடத்துக்கும் சொந்தப் பணத்தைப் போட்டுக்கொண்டே போனால் ஆயிரக்கணக்கில் விடுதி திறக்க முடியாது. பெயரை மட்டும் கொடுத்துவிட்டு ஒதுங்கினால், ஒரு விடுதியில் மூட்டைப்பூச்சி கடித்தாலும் எல்லா விடுதிக்கும் கெட்ட பெயர் வரும்.

இதற்கு அவர்கள் கையாண்ட வழி ஒரு நடுவழி. கட்டடமும் குத்தகையும் விடுதிக்காரருடையது. கம்பெனி சொல்கிற மாதிரி அறைகளைப் புதுப்பிக்கும் செலவும், ஆட்கள் சம்பளமும், மின்சாரக் கட்டணமும் அவர் பொறுப்பு. மிஞ்சும் லாபம் அவருக்கு. கம்பெனி கொடுப்பது பெயர், முன்பதிவு ஏற்பாடு, பயிற்சி, சோதனை. எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு மேனேஜர். அவரைத் தேர்ந்தெடுப்பதும் பழக்குவதும் மாற்றுவதும் கம்பெனி. அவர் சம்பளத்துக்கான பணம் மட்டும் விடுதிக்காரரிடமிருந்து வரும். மேனேஜ்மென்ட், ஃபிரான்சைஸ் என்ற இரண்டு சொற்களையும் ஒட்டி 'மேனசைஸ்' என்று இந்த முறைக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

இதில்தான் வளர்ச்சி வந்தது. 2012 முடிவில் விடுதிகள் ஆயிரத்தைத் தாண்டின. 2019 முடிவில் 5,600-ஐத் தாண்டின. இன்று நூறு அறைகளில் தொண்ணூறுக்கு மேற்பட்டவை அடுத்தவர் முதலீட்டில் இயங்குபவை. பிரான்சு நாட்டின் அக்கோர் கம்பெனியே தன் ஐபிஸ், மெர்க்யூர் முதலிய பெயர்களைச் சீனாவில் பரப்பும் பொறுப்பை 2016-ல் ஹுவாஜூவிடம் ஒப்படைத்தது.

நம் நாட்டு ஓயோவுக்கும் இந்தக் கதையில் இடம் உண்டு. 2017-ல் ஹுவாஜூ அதில் ஒரு கோடி டாலர் முதலீடு செய்தது. பின்பு ஓயோ தானே சீனாவில் இறங்கி, 2019-க்குள் ஆயிரக்கணக்கான சிறு விடுதிகளில் மளமளவென்று பலகை மாட்டியது. விடுதிக்காரர்களுக்கும் அதற்கும் பணத் தகராறுகள் எழுந்தன. கொரோனாவும் சேர்ந்துகொள்ள, அங்கே அதன் வியாபாரம் மிகவும் சுருங்கிவிட்டது. பலகையை ஒரு நாளில் மாட்டிவிடலாம். ஆளைப் பழக்கி அனுப்ப ஆண்டுகள் பிடிக்கும்.

ஒரு சிறு கணக்கு

எண்பது அறை உள்ள ஒரு விடுதி என்று வைத்துக்கொள்வோம். நாள்தோறும் 64 அறைகள் நிரம்புகின்றன. அறைக்கு 200 யுவான் வாடகை. ஒரு நாள் வசூல் 12,800. முப்பது நாளைக்கு 3,84,000 யுவான். கம்பெனிக்கு நூற்றுக்கு ஐந்து என்றால் மாதம் 19,200 யுவான். இது உதாரணக் கணக்குதான். ஆயினும் ஐந்தை ஒட்டிய சதவீதம்தான் அங்கே வழக்கம். சேரும்போது ஒரு தொகை, கம்பெனி வழியாக வரும் முன்பதிவுக்கு ஒரு கட்டணம், மேனேஜர் சம்பளம் ஆகியவை தனி.

இந்த ஐந்து சதவீதம் வசூலில் எடுப்பது. லாபத்தில் எடுப்பது அல்ல. விடுதிக்காரருக்கு அந்த மாதம் கையைக் கடித்தாலும் கம்பெனிக்கு அதன் பங்கு போய்ச் சேரும். வசூலைப் பெருக்குவதில் இருவருக்கும் ஒரே அக்கறை. செலவு விஷயத்தில் அந்த ஒற்றுமை இல்லை. புதிய மெத்தை, புதிய மேஜை போடச் சொன்னால் பில் விடுதிக்காரர் தலையில்தான் விழும்.

அகலக்கால்

ஹுவாஜூவும் அடி வாங்கியிருக்கிறது. ஸ்டைகன்பெர்கர் முதலிய விடுதிகளை நடத்தும் ஜெர்மன் கம்பெனியை சுமார் 70 கோடி யூரோ விலை பேசி, 2020 ஜனவரி முதல் வாரத்தில் வாங்கி முடித்தது. அதே மாதம் சீனாவில் கொரோனா ஊரடங்கு தொடங்கியது. சில வாரங்களில் ஐரோப்பாவும் மூடியது. ஆள் வந்தாலும் வராவிட்டாலும் குத்தகைப் பணம் கட்டியாக வேண்டுமே! அந்த ஆண்டு நஷ்டம் சுமார் 220 கோடி யுவான். அடுத்த இரண்டு ஆண்டுகளும் நஷ்டம்தான். 2023-ல்தான் நிமிர்ந்து, 400 கோடி யுவானுக்கு மேல் லாபம் காட்டியது.

அந்த நெருக்கடியில் விடுதிக்காரர்களுக்குக் கட்டணச் சலுகை கொடுத்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். கடையை மூடவைத்து வசூல் செய்ய முடியாது என்பது தெரிந்தவர்கள்.

வாடிக்கையாளர் யாருடையவர்?

ஹுவாஜூவின் பெரிய சொத்து அதன் உறுப்பினர் பட்டியல். இருபது கோடிக்கும் அதிகமானவர்கள் அதில் பெயர் பதிந்திருக்கிறார்கள். வாடகையில் தள்ளுபடி உண்டு என்பதால் அவர்கள் நேராகக் கம்பெனியிடமே முன்பதிவு செய்கிறார்கள். தரகுக் கம்பெனியைத் தொடங்கியவரே தரகு கொடுக்காமல் இருக்கும் வழியைக் கண்டுபிடித்திருக்கிறார்!

இவ்வளவு பெரிய பட்டியலைக் காப்பதும் எளிதல்ல. 2018-ல் விருந்தினர்களின் விவரங்கள் திருடப்பட்டு, இணையத்தில் விலை பேசப்பட்டதாகச் செய்தி வந்து போலீஸ் விசாரணை நடந்தது. நாளை திருடு போனால் விடுதிக்காரர் முகத்தில்தான் வாடிக்கையாளர் முதலில் விழிப்பார்.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. ஒப்பந்தம் பொதுவாக எட்டு முதல் பத்து ஆண்டு வரை. அது முடிந்து பலகை இறங்கினால், விருந்தினர் பெயர்ப் பட்டியல் கம்பெனியோடு போய்விடும். விடுதிக்காரரிடம் சுவரும் கட்டிலும் இருக்கும். பத்து ஆண்டாக வந்து தங்கியவருக்கு அவர் யார் என்றே தெரியாது.

கையெழுத்துக்கு முன்

பெயர்ப் பலகை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. காற்று வாங்கிக்கொண்டிருந்த சீன விடுதிகள் பல, இந்தப் பெயரால் நிரம்பின. லாபம் இல்லாமல் இத்தனை ஆயிரம் பேர் சேர்ந்திருக்க மாட்டார்கள். ஆனால் நம் வாசலுக்கு அப்படி ஒரு கம்பெனி வரும்போது நான்கு கேள்விகளைக் கேட்டுவிடுவோம்.

ஒன்று, உங்கள் பங்கு விற்பனையிலா, லாபத்திலா? இரண்டு, கடையை நடத்தும் ஆள் யாருடைய சொல்லைக் கேட்பார்? மூன்று, எத்தனை ஆண்டு ஒப்பந்தம், நடுவில் விலகினால் என்ன செலவு? நான்கு, வாடிக்கையாளர் விவரம் யார் கையில் இருக்கும்?

முதல் மூன்றுக்கும் பேரம் பேசலாம். நான்காவதில் விட்டுக்கொடுக்காதீர்கள். மாதப் பட்டியலை வைத்துக்கொண்டு, எந்த வீட்டில் எந்த அரிசி, யாருக்கு எத்தனை நாள் தவணை என்று நினைவிலேயே வைத்திருக்கிறோமே, அதுதான் நம் முதல். ஹுவாஜூ இருபது ஆண்டு பாடுபட்டுச் சேர்த்ததும் அதைத்தான். நம் கடை நோட்டில் ஏற்கெனவே இருப்பதை, பலகைக்கு ஈடாக எழுதிக் கொடுத்துவிட வேண்டாம்.

அடுத்த முறை "மாட்டலாமா, அண்ணாச்சி?" என்று யாராவது கேட்டால், "ஒப்பந்தக் காகிதத்தை எடுத்து வாருங்கள், உட்கார்ந்து படிப்போம்" என்று சொல்வதாக இருக்கிறேன்.