உங்களுக்குத் தெரியுமா? இங்கே குள்ளன், அங்கே யானை
புளத்கொகுபிட்டிய போன்ற, தேயிலையும் இறப்பரும் விளையும் கேகாலை மலைப்பகுதிகளில் ‘பட்டா’ எனப்படும் சிறு லொறி, இந்தியாவின் டாட்டா நிறுவனம் 2005இல் அறிமுகப்படுத்திய ‘ஏஸ்’ வண்டியே ஆகும். அதனை இலங்கையில் விற்கும் டிமோ நிறுவனம் குட்டையானவரைக் குறிக்கும் சிங்களச் சொல்லை அதற்குச் சூட்ட, தமிழ்நாட்டாரோ அதே வண்டியைக் ‘குட்டி யானை’ என்றனர். ஏறத்தாழ 750 கிலோ சுமக்கும் இவ்வண்டி, பெரிய லொறி திரும்பவியலாத ஒடுங்கிய பாதைகளுக்கு ஏற்றது.

பெயர் எதுவாயினும், இவ்வகை வண்டி வாங்குவோரின் வணிகப்பெயர்ப் பற்று, அதாவது அடுத்த வண்டியையும் அதே பெயரில் வாங்கும் மனப்போக்கு, பெரும்பாலும் பாசமன்று, கணக்கே எனலாம். 2020 மார்ச்சில் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தியபின், பழைய வண்டியையே பழுதுபார்த்து ஓட்டவேண்டியிருந்த உரிமையாளருக்கு, உதிரிப்பாகம் எளிதில் கிடைப்பதே வண்டியின் முதற்பெருமையாயிற்று.