வாக்குச்சீட்டும் முதலீட்டுப் பத்திரமும்

சிங்கப்பூரின் புக்கிட் பாஞ்சாங் தனித்தொகுதியில் 2020ஆம் ஆண்டு பொதுத் தேர்தலில் மக்கள் செயல் கட்சியின் லியாங் எங் ஹுவா 53.74 விழுக்காட்டு வாக்குகளுடன் வென்றார். 2025 மே 3 தேர்தலில் அவருக்குக் கிடைத்தவை 61.41 விழுக்காடு. இரண்டு முறையும் எதிரே நின்றவர் சிங்கப்பூர் ஜனநாயகக் கட்சியின் பால் தம்பையா. ஒரே மின்தூக்கியில் ஏறி இறங்கும் அண்டைவீட்டார் வெவ்வேறு கட்சிக்கு வாக்களிப்பது இயல்புதான். ஆனால், சேமிப்பை எங்கே போடுவது என்பதையும் கட்சிப் பற்றே முடிவு செய்தால் நட்டம் குடும்பத்துக்கு.

அமெரிக்காவில் 2016 அதிபர் தேர்தலுக்குப் பிறகு சாதாரணக் குடும்பங்களின் முதலீட்டுக் கணக்குகளைப் பொருளியலாளர்கள் ஆராய்ந்தார்கள். வென்ற குடியரசுக் கட்சிக்கு ஆதரவான வட்டாரங்களில் பங்குகளின் அளவு கூடியது. ஜனநாயகக் கட்சி வட்டாரங்களில் குறைந்தது. எல்லாருக்கும் கிடைத்த செய்தி ஒன்றே. 2017இல் சந்தை ஏறியபோது, மனமுடைந்து விற்றவர்களுக்கு அந்த ஏற்றத்தில் பங்கில்லாமல் போனது.

இந்தியாவிலும் முதலீடு வைத்திருக்கும் நம்மவர்களுக்கு 2024 ஜூனில் அங்கு நாடாளுமன்றத் தேர்தல் முடிவு வந்த நாள்கள் நினைவிருக்கும். ‘ஜூன் 4க்கு முன் பங்கு வாங்குங்கள்’ என்று மே மாதமே உள்துறை அமைச்சர் அமித் ஷா பேட்டியில் சொல்லியிருந்தார். கருத்துக்கணிப்புகளை நம்பி ஜூன் 3 அன்று பங்குச் சந்தைக் குறியீடான சென்செக்ஸ் ஏறக்குறைய 2,500 புள்ளி ஏறியது. மறுநாள், வாக்கு எண்ணப்பட்ட ஜூன் 4 அன்று, 4,390 புள்ளி அளவுக்கு விழுந்தது. அடுத்த மூன்றே வர்த்தக நாளில் இழந்ததை மீட்டது. ஆசையில் வாங்கி, அச்சத்தில் விற்றவருக்கு மட்டும் எதுவும் மீளவில்லை.

சிங்கப்பூரின் வர்த்தக, தொழில் அமைச்சே 2025க்கான வளர்ச்சி முன்னுரைப்பை ஏப்ரலில் 0 முதல் 2 விழுக்காடு என்று குறைத்தது, ஆகஸ்ட்டில் 1.5 முதல் 2.5 என்றது, நவம்பரில் ஏறத்தாழ 4 என உயர்த்தியது. முழுநேரமும் இதையே கணிக்கும் வல்லுநர்களே மாற்றிக்கொள்ளும்போது, காப்பிக்கடை மேசையில் ‘இவர்கள் வந்தால் வீட்டு விலை ஏறும், அவர்கள் வந்தால் விழும்’ என்று அடித்துச் சொல்வதை நம்பி வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டை விற்கவோ வாங்கவோ கூடாது.

இதைவிடப் பெரிய ஆபத்து, தலைவர்மேல் உள்ள நம்பிக்கையைக் களவாடும் மோசடி. 2023 டிசம்பரில் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் முதலீட்டுத் திட்டமொன்றைப் பரிந்துரைப்பதுபோல் போலிக் காணொளி பரவியது; அவரே மக்களை எச்சரிக்க நேர்ந்தது. பிரதமர் முகம் தெரிகிறது என்பதற்காகப் பணம் அனுப்பாதீர்கள். விற்பவரின் பெயரைச் சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் இணையப் பட்டியலில் தேடுங்கள். சந்தேகம் வந்தால் 1799 ஸ்கேம்ஷீல்டு உதவி எண்ணை அழையுங்கள். பணம் போய்விட்டதா? உடனே வங்கிக்கும் காவல்துறைக்கும் சொல்லுங்கள். ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்.

உரிமம் பெற்ற ஆலோசகரும் ‘தேர்தல் முடிந்தது, இனி ஏற்றம்தான்’ என்று மட்டும் சொல்லி விற்க முடியாது. உங்கள் வருமானம், தேவை, தாங்கும் திறன் ஆகியவற்றைப் பார்த்து, தக்க காரணத்தோடு பரிந்துரைக்க வேண்டும் என்பது நிதி ஆலோசகர் சட்டம். ஆயுள் காப்புறுதியை, பத்திரம் கைக்கு வந்த 14 நாளுக்குள் ரத்து செய்யலாம். நிறுவனத்திடம் முறையிட்டும் தீரவில்லை என்றால், அதன் இறுதிப் பதில் கிடைத்த ஆறு மாதத்துக்குள் ஃபிட்ரெக் எனும் நிதித்துறைச் சச்சரவுத் தீர்வு நிலையத்தை அணுகுங்கள். ஆலோசகர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளை அதுவரை அழிக்க வேண்டாம்.