"கோடி" என்றால் கோழி!

"அம்மா வந்தது!"

முதல் வகுப்புப் பையன் இப்படிச் சொன்னால் வகுப்பே சிரிக்கும். "அம்மா என்ன ஆடா, மாடா?" என்று கேலி செய்வார்கள்.

பையன் உளறவில்லை. அவன் வீட்டில் பேசுவது தெலுங்கு. தெலுங்கில் "அம்மா வச்சிந்தி" என்பார்கள். பசு வந்தாலும் "ஆவு வச்சிந்தி"தான். ஒருமையில் பெண்ணுக்கும் மாட்டுக்கும் ஒரே வினைச்சொல்! வீட்டு இலக்கணத்தைப் பையன் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்துவிட்டான். அவ்வளவுதான்.

திருவள்ளூர் மாவட்டத்துக்கு இது புதிதல்ல. பூந்தமல்லியை அடுத்த நசரத்பேட்டை வழியாகப் பெங்களூர் நெடுஞ்சாலை செல்கிறது. சற்றுத் தொலைவில் திருவள்ளூர், திருத்தணி செல்லும் சாலை பிரிகிறது. அதற்கு அப்பால் ஆந்திர எல்லை. இந்த வட்டாரத்தில் தமிழ் பேசும் வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் தெலுங்கு கேட்பது சகஜம்.

2011 கணக்குப்படி தமிழ்நாட்டில் தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் சுமார் 42 லட்சம் பேர். நூற்றுக்கு ஏறக்குறைய 6 பேர்.

ஒரே இரவில் மாறிய மாநிலம்

1960 ஏப்ரல் 1-ந் தேதி திருத்தணி தாலுகா ஆந்திராவில் இருந்து பிரிந்து சென்னை மாநிலத்துடன் சேர்ந்தது. ஆந்திராவில் படுத்தவர்கள் சென்னை மாநிலத்தில் கண் விழித்தார்கள்! எல்லைக்கோடு நகர்ந்தது. வீட்டுப் பேச்சு நகரவில்லை.

ஜனாதிபதியாக இருந்த டாக்டர் ராதாகிருஷ்ணன் 1888-ல் பிறந்தது இந்தத் திருத்தணியில்தான். அவர் வீட்டு மொழியும் தெலுங்கே.

காது வேறு, கண் வேறு

"இரண்டு மொழி பேசினால் குழந்தை குழம்பிப் போகுமே!" என்று சில பெற்றோர் அஞ்சுகிறார்கள். அந்தப் பயம் வேண்டாம். ஒரு மொழிச் சொல்லை இன்னொன்றில் கலந்து பேசுவது இருமொழிக் குழந்தைகளுக்கு இயல்பு. பாட்டியிடம் எதைப் பேசுவது, தெருவில் எதைப் பேசுவது என்று அவர்களே கற்றுக்கொள்வார்கள்.

சிக்கல் எழுத்தில்தான் தொடங்குகிறது.

தெலுங்கில் "க" வரிசைக்கு நான்கு எழுத்துகள். தமிழில் ஒன்றே ஒன்று! "கல்" என்பதிலும் "தங்கம்" என்பதிலும் அதே "க"; ஓசை மட்டும் வேறு. "ட"வும் அப்படித்தான். நாம் நூறு லட்சத்தைக் "கோடி" என்கிறோம். அதே ஓசையில் சொன்னால் தெலுங்கில் கோழி! தெலுங்கர்களின் நூறு லட்சத்துக்கு வல்லோசை "ட". அதற்குத் தனி எழுத்து. "வான" என்றால் அவர்களுக்கு மழை, நமக்கோ ஆகாயம். "ழ"வைக் கேட்கவே வேண்டாம். தமிழ்ப் பிள்ளைகளே திணறும் எழுத்தாயிற்றே!

இதை அறிந்த ஆசிரியர், பையன் தப்பாகச் சொன்னால் அடிக்கமாட்டார். "உங்கள் வீட்டில் எப்படிச் சொல்வீர்கள்?" என்று கேட்பார். இரண்டையும் அடுத்தடுத்துச் சொல்லிக் காட்டுவார். மறுவாரமே "அம்மா வந்தாள்" என்பான் பையன்.

சட்டம் வந்தது

2006-ல் தமிழ் கற்றல் சட்டம் வந்தது. தமிழ் எல்லோருக்கும் கட்டாயப் பாடம் ஆயிற்று. முதல் வகுப்பில் தொடங்கிய இந்த முறை 2015-16-ல் 10-ம் வகுப்பை எட்டியது. சிறுபான்மை மொழிப் பள்ளிகள் விலக்குக் கேட்டுக் கோர்ட்டுக்குப் போயின.

சட்டத்தில் தாய்மொழிக்கும் இடம் உண்டு. ஆனால் விருப்பப் பாடமாக. சொல்லித்தர ஆசிரியர் வேண்டும், நேரமும் வேண்டும். ஆகவே பல வீடுகளில் பிள்ளைகள் தமிழும் இங்கிலீஷும் எழுதுகிறார்கள். தெலுங்கைப் பேசுகிறார்கள், படிக்கத் தெரியாது. சித்தூர் மாமா தெலுங்கில் கல்யாணப் பத்திரிகை அனுப்பினால், அதைப் படிக்கத் தாத்தாவைத் தேடவேண்டும். தாத்தா காலத்துக்குப் பிறகு?

தமிழைத் தெருவிலும் பள்ளியிலும் நன்றாகக் கற்றுவிடுகிற குழந்தைக்கு, வீட்டு எழுத்தையும் கொடுத்தால் நஷ்டம் யாருக்கு? தாய்மொழியில் தொடங்கும் கல்வியே சிறந்தது என்று யுனெஸ்கோ 1953-லேயே சொல்லியிருக்கிறது.

தொடங்குவது கஷ்டமும் அல்ல. அடுத்தமுறை திருப்பதிக்குப் போகும்போது ரயில் நிலையத்துத் தெலுங்குப் பலகையைக் குழந்தைக்குக் காட்டுங்கள். அதில் நான்கே எழுத்துகள்: தி, ரு, ப, தி. முதலும் கடைசியும் ஒன்றே. ஆகவே கற்க வேண்டியது மூன்றுதான்!