திருப்பித் தருவதிலும் பரக்கத் உண்டு

சரக்கை விற்கும் வேளையில் எல்லா வணிகரும் இன்முகம் காட்டுவர். வாங்கியவர் மறுவாரம் வந்து, “இது எனக்கு ஒத்துவரவில்லை, பணத்தைத் தாருங்கள்” என்று கேட்கும்போதுதான் அவ்வணிகரின் ஈமான் சோதனைக்குள்ளாகிறது. தொழுகை விரிப்பில் நாம் காட்டும் பணிவு கல்லாப்பெட்டியின் முன்னும் நிலைத்து நிற்கிறதா என்பதைக் காட்டும் வேளை அது.

கோட்டாறு நெடுங்காலமாக நாஞ்சில் நாட்டின் சந்தையூர். அங்கும், இடலாக்குடி, வடசேரி, தக்கலை, குளச்சல் ஆகிய ஊர்களிலும் வாணிபம் செய்யும் நம்மவர் பலர் இன்று கடைத்தெருவோடு நின்றுவிடுவதில்லை. நேந்திரங்காய் வற்றல் விற்பவரும், ஜவுளி விற்பவரும், உம்ரா பயணம் ஏற்பாடு செய்பவரும் தமக்கென வலைத்தளம் வைத்துக்கொள்கின்றனர். அத்தளம் இயங்க இரண்டு தேவை. ஒன்று, ‘டொமைன்’ எனப்படும் தளப்பெயர். மற்றொன்று, இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கும் ‘சர்வர்’ என்னும் கணினியில் ஓர் இடம். இவ்விடத்தை வாடகைக்கு விடுவதே ‘வெப் ஹோஸ்டிங்’ என்னும் தொழில். ஓராண்டுக்கோ மூன்றாண்டுக்கோ பணம் முன்னதாகவே பெறப்படுகிறது. இடையில் வாடிக்கையாளர் விலக விரும்பினால் வழக்கு எழுகிறது. கொடுத்த பணத்தில் எவ்வளவு திரும்பும்? எதை நிறுவனம் வைத்துக்கொள்ளலாம்?

மார்க்கம் காட்டும் அளவுகோல்

ஒருவர் பொருளை மற்றவர் முறைகேடாக உண்ணலாகாது என்றும், இருவரும் மனமொப்பிச் செய்யும் வணிகமே ஆகுமானது என்றும் திருமறையின் நான்காம் அத்தியாயம் 29ஆம் வசனம் அறிவுறுத்துகிறது. ஐந்தாம் அத்தியாயத்தின் முதல் வசனமோ ஒப்பந்தங்களை நிறைவேற்றப் பணிக்கிறது. ஆகவே நிபந்தனை விதிப்பது குற்றமன்று. மறைத்து விதிப்பதே குற்றம். விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசிக் குறையைத் தெளிவாக்கினால் அவ்வணிகத்தில் பரக்கத் இறங்கும் என்றும், மறைத்துப் பொய் கூறினால் பரக்கத் துடைக்கப்படும் என்றும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அருளியதாக ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ், புகாரி, முஸ்லிம் இரு நூல்களிலும் இடம்பெற்றுள்ளது.

வணிகத்தில் அடிக்கடி ஏமாந்துபோன ஒரு தோழருக்கு, “ஏமாற்று இருத்தலாகாது” எனச் சொல்லி வாங்குமாறும், மூன்று நாள் யோசிக்கும் உரிமை உண்டு என்றும் நாயகம் (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். தவணை தெளிவாகக் குறிக்கப்படுமாயின் அது மூன்று நாளுக்கு மேலும் நீளலாம் என்பது ஹனஃபீ இமாம்களான அபூயூசுப், முஹம்மது ஆகியோரின் கருத்து. ஹோஸ்டிங் நிறுவனங்கள் பல இன்று அறிவிக்கும் ‘30 நாளில் பணம் வாபஸ்’ என்னும் வாக்குறுதி இவ்வுரிமையை ஒத்ததே. வாக்களித்தபின், “தள்ளுபடியில் வாங்கியவருக்கு இது பொருந்தாது” என்று எங்கோ சிற்றெழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு கைவிரிப்பது எந்த வகை நேர்மை? கடைவீதியில் தானியக் குவியலுள் கைவிட்டு, உள்ளே ஈரமிருக்கக் கண்டு, அதை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்க வேண்டாமா என்று நாயகம் (ஸல்) அவர்கள் கடிந்துகொண்ட வரலாற்றை அறியாதார் யார்? சிற்றெழுத்து நிபந்தனையும் அடியில் மறைந்த ஈரமே.

எதைத் திருப்ப வேண்டும்?

சர்வர் இடம் தருவது ஃபிக்ஹு நூல்கள் ‘இஜாரா’ எனக் கூறும் வாடகை ஒப்பந்தத்தின் பாற்படும். அனுபவித்த காலத்துக்கு வாடகை கடமை. நிறுவனத்தின் குறையால் ஒப்பந்தம் முறிந்தால், அனுபவிக்காத காலத்தின் பணம் வாடிக்கையாளருக்கு உரியது. ஓராண்டுக்கு 3,600 ரூபாய் கட்டியவரின் தளம் நான்கு மாதத்துக்குப்பின் நிறுவனத்தின் பழுதால் முடங்கிவிட்டது என்று கொள்வோம். எட்டு மாதத்துக்குரிய 2,400 ரூபாய் அவருடையது. அதை வைத்துக்கொள்வது பிறர் பொருளை வைத்துக்கொள்வதாகும்.

வாடிக்கையாளர் தம் விருப்பால் மட்டும் விலகினால் நிலை வேறு. ஷாஃபிஈ மத்ஹபில் இஜாரா இரு தரப்பையும் கட்டுப்படுத்தும். ஹனஃபீ மத்ஹபில், கடையை மூட நேர்ந்த வணிகர் போன்று தக்க காரணமுடையோர் ஒப்பந்தத்தை முறிக்க இடமுண்டு.

தளப்பெயருக்கான கட்டணம் தனி. நிறுவனம் அப்பணத்தைப் பெயர்ப் பதிவகத்துக்குச் செலுத்திவிடுவதால், அதைத் திருப்ப இயலாது என்பதில் நியாயமுண்டு. ஆயினும் ‘டாட் காம்’ போன்ற பெயர்களைப் பதிவு செய்த 5 நாட்களுக்குள் நீக்கினால், நீக்கங்கள் அளவு மீறாத வரையில், பதிவகம் தொகையை நிறுவனத்துக்குத் திருப்பி அளிக்கும் ஏற்பாடு இருக்கிறது. தமக்குத் திரும்பி வந்ததைத் தம் வாடிக்கையாளருக்கு மறுப்பது எப்படித் தகும்?

அச்சாரத்தைப் பற்றியும் அறிந்துகொள்வோம். பேரம் முறிந்தால் அச்சாரத்தை விற்பவரே எடுத்துக்கொள்வதை ஹனஃபீ, மாலிகீ, ஷாஃபிஈ மத்ஹபுகள் ஏற்கவில்லை. இமாம் அஹ்மது இப்னு ஹன்பல் (ரஹ்) அனுமதித்தார்கள். 1993இல் புருனையில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, காத்திருக்கும் காலம் வரையறுக்கப்பட்டிருந்தால் இது ஆகும் எனத் தீர்மானித்தது. காலமும் தொகையும் முன்பே சொல்லப்படாத பிடித்தத்துக்கு இதில் ஆதாரமில்லை.

நாட்டின் சட்டமும் இதற்குத் துணை நிற்கிறது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், குறையுள்ள சேவையை நிறுத்திப் பணத்தை ரசீதில் கண்ட தவணைக்குள், தவணை இல்லையேல் 30 நாளுக்குள், திருப்பித் தர மறுப்பதை முறையற்ற வணிகம் என்கிறது. சேர்வதை எளிதாக்கி, விலகுவதைக் கடினமாக்கும் ‘சந்தாப் பொறி’ 2023 நவம்பரில் வெளியான வழிகாட்டு நெறிகளால் தடுக்கப்பட்டுள்ளது. பாதிக்கப்பட்டோர் 1915 என்னும் தேசிய உதவி எண்ணை அழைக்கலாம். இரண்டாண்டுக்குள் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். செலுத்திய தொகை 5 இலட்சத்துக்கு மேற்படாவிடில் மனுக் கட்டணமில்லை. தம் பிழைப்புக்காகச் சொந்த உழைப்பில் தொழில் செய்பவரும் நுகர்வோரே.

அமானிதம்

பணத்தினும் பெரிதொன்று உண்டு. சில இடங்களில் தளம் அமைத்துத் தருபவர் தளப்பெயரைத் தம் பெயரிலேயே பதிந்துகொள்கிறார். வாடிக்கையாளர் விலக முனைந்தால், “மீதிப் பணம் தந்தாலன்றிப் பெயரைத் தரமாட்டேன்” என்கிறார். வாடிக்கையாளரின் கடிதங்களும் கணக்குகளும் படங்களும் சர்வரில் சிக்கிக்கொள்கின்றன. பத்தாண்டு உழைத்துப் பெற்ற நற்பெயர் ஒருவர் கைக்குள் அகப்படுகிறது. அமானிதங்களை உரியவரிடம் ஒப்படைக்குமாறு அல்லாஹுத் தஆலா கட்டளையிடுகிறான் (4:58). கணக்கை மூடுமுன் கோப்புகளை எடுத்துக்கொள்ளப் போதிய அவகாசம் அளிப்பதும், பெயரை மாற்றித் தருவதும் கடமை. நியாயமான பாக்கியைத் தனியே கேட்டுப் பெறலாம்.

வாங்குபவருக்கும் கடமையுண்டு. முப்பது நாளும் முழுமையாகப் பயன்படுத்திவிட்டு, குறை கற்பித்துப் பணம் கேட்பது மோசடி. பெற்ற சேவையைப் பெறவில்லையென்று வங்கியில் பொய்முறையீடு செய்து பணத்தை மீட்பதும் அவ்வாறே. ஆகவே சேருமுன் நிபந்தனைகளைப் படியுங்கள். தளப்பெயரை உங்கள் பெயரிலேயே பதியச் சொல்லுங்கள். விலகுவதை எழுத்தில் தெரிவியுங்கள்.

சட்டம் கட்டாயப்படுத்தாத இடத்திலும் விட்டுக்கொடுப்பதற்கு மார்க்கத்தில் ‘இகாலா’ என்று பெயர். வருந்தி வரும் ஒரு முஸ்லிமின் பேரத்தை மனமுவந்து ரத்துச் செய்பவரின் பிழைகளைக் கியாமத் நாளில் அல்லாஹ் பொறுப்பான் என்னும் கருத்துடைய ஹதீஸை அபூஹுரைரா (ரலி) அறிவிக்க, அபூதாவூத், இப்னு மாஜா நூல்கள் பதிந்துள்ளன. சில நூறு ரூபாயைத் திருப்பித் தந்து இத்துணைப் பெரும் பேற்றைப் பெறும் வாய்ப்பை நழுவவிடலாமா?

துணி வணிகரான இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கூட்டாளி, குறையுள்ள துணியொன்றைக் குறையைச் சொல்ல மறந்து விற்றுவிட்டார். வாங்கியவர் இன்னாரென்று தெரியவில்லை. இமாமவர்கள் அச்சரக்கின் விலை முழுவதையும் தர்மம் செய்துவிட்டதாக வரலாற்றாசிரியர் எழுதுவர். இன்றைய ஹோஸ்டிங் வணிகரிடமோ வாங்கியவரின் பெயர், முகவரி, தொலைபேசி எண் யாவும் ஏட்டில் உள்ளன. உரியதை உரியவரிடம் சேர்க்க அவருக்குத் தடையேது?

நம் வருவாயை ஹலாலாக்கி, நம் கொடுக்கல் வாங்கலில் பரக்கத்தைப் பொழிய வல்ல ரஹ்மான் அருள்புரிவானாக! ஆமீன்.