பருத்த சிறு நாய்க்கு ஏற்ற இடைத்தீனி

டில்லியின் அரசாங்கக் குடியிருப்புகளிலும் அடுக்குமாடி வீடுகளிலும் வெண்மயிர் அடர்ந்த சிறு நாய் ஒன்றைப் பல குடும்பங்கள் நெடுங்காலமாக வளர்த்து வருகின்றன. மக்கள் அதனைப் பொமரேனியன் என்று அழைப்பினும், பெரும்பாலும் அது இந்தியன் ஸ்பிட்ஸ் என்னும் வேறோர் இனத்தைச் சார்ந்தது. 1994-இல் வெளிவந்த 'ஹம் ஆப்கே ஹைன் கோன்' என்ற ஹிந்தித் திரைப்படத்தில் டஃபி என்னும் பெயருடன் தோன்றிய நாயும் இவ்வினத்ததே. இதன் சிறு வகை ஏறத்தாழ 5 முதல் 7 கிலோகிராம் எடையுள்ளது. ஆயின் மாலையில் பூங்காக்களுக்கு அழைத்து வரப்படுபவற்றுள் 8, 9 கிலோகிராமைத் தாண்டியவற்றையும் காணலாம். அவற்றைக் காண்போர், "எவ்வளவு கொழுகொழுவென்று இருக்கிறது!" என்று புகழ்ந்து செல்கின்றனர். நாய்க்கு உரியவர் மகிழ்கின்றார். நாயோ இருபது அடி நடந்ததும் அமர்ந்துவிடுகின்றது.

இவ்வாறு பருப்பதற்கு டில்லியின் தட்பவெப்பமும் ஒரு காரணமாகும். மே, ஜூன் மாதங்களில் வெப்பம் 45 பாகை செல்சியஸை எட்டும்பொழுதும், நவம்பருக்குப் பின் புகைமூட்டம் கவிழும்பொழுதும் நாயை வெளியே அழைத்துச் செல்வது குறைந்துவிடுகின்றது. நடை குறைந்தாலும் தீனி குறைவதில்லை. வீட்டிலடைந்து கிடக்கும் நாயின்மீது இரக்கம் மிகுந்து, ஒரு பிஸ்கட் கூடுதலாகக் கொடுக்கப்படுவதே வழக்கம்.

உணவு வேளைகளுக்கு இடையே அன்பின் பொருட்டோ, பழக்கும் பொருட்டோ கொடுக்கப்படுவதையே இங்கு இடைத்தீனி என்கிறோம். அது சிறு துண்டுதானே என்று நாம் எண்ணுகின்றோம். எவருக்குச் சிறிது என்பதே கேள்வி.

இக்கேள்விக்கு விடை காண முயன்றவர்களுள் மாக்ஸ் ரூப்னர் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி முதன்மையானவர். வெவ்வேறு பருமனுள்ள நாய்கள் வெளிவிடும் வெப்பத்தை அளந்து 1883-இல் தம் முடிவுகளை அவர் வெளியிட்டார். ஒரு கிலோகிராம் எடைக்கு இவ்வளவு வெப்பம் என்று கணக்கிட்டால், மிகச் சிறிய நாய்க்கு மிகப் பெரிய நாயைவிட இருமடங்குக்கும் மேலான செலவு இருப்பதை அவர் கண்டார். பின்னர் 1932-இல் மாக்ஸ் கிளைபர் என்பவர், உயிரினங்களின் வெப்பச் செலவு எடையின் முக்கால் அடுக்கை ஒட்டி அமைகிறது என்று காட்டினார். கால்நடை மருத்துவர்கள் இன்று கையாளும் சூத்திரம் இதிலிருந்து பிறந்ததே. எடையின் முக்கால் அடுக்கை 70-ஆல் பெருக்கினால், ஓய்வு நிலையில் ஒரு நாளைக்குத் தேவையான கலோரி கிடைக்கும். (இங்குக் கலோரி என்பது உணவு நூலார் வழங்கும் கிலோகலோரியே.)

வகுப்பில் இதனைச் செய்து காட்ட விரும்பும் ஆசிரியர்களுக்கு எளிய வழி ஒன்றுண்டு. எடையை மும்மடியாக்கி, இருமுறை வர்க்கமூலம் கண்டால் முக்கால் அடுக்கு வந்துவிடும். 6 கிலோகிராம் நாய்க்கு மும்மடி 216. அதன் வர்க்கமூலம் 14.7, அதன் வர்க்கமூலம் 3.83, 70-ஆல் பெருக்க ஏறத்தாழ 268. இவ்வாறே 30 கிலோகிராம் நாய்க்குக் கணக்கிட்டால் ஏறத்தாழ 897 வரும். ஐந்து மடங்கு எடையுள்ள நாய்க்கும் தேவை மூன்றேகால் மடங்கையொட்டியே இருப்பதைக் காண்க.

கிலோகிராமுக்குச் செலவு மிகுதியாயின் சிறு நாய் பருக்காதன்றோ என்று மாணவன் ஒருவன் வினவக்கூடும், நல்ல வினாவே. ஆனால் பிஸ்கட்டு நாயின் அளவுக்கு ஏற்பச் சுருங்குவதில்லை. கடையில் கிடைக்கும் சாதாரணக் குளுக்கோஸ் பிஸ்கட்டு ஒன்றில் ஏறத்தாழ 25 கலோரி உள்ளது. பெரிய நாய்க்கு இது நாள் தேவையில் நூற்றுக்கு மூன்று பங்குக்கும் குறைவு. சிறு நாய்க்கோ நூற்றுக்கு ஒன்பதுக்கும் மேல். நாளொன்றுக்கு 2,000 கலோரி உண்ணும் மனிதர் ஏழு பிஸ்கட்டுகளை விழுங்குவதற்கு இது சமம்.

எடை குறைக்க வேண்டிய நாய்க்கு, அது அடைய வேண்டிய எடைக்குரிய ஓய்வுநிலைத் தேவையளவே முழு நாளைக்கும் உணவாக வகுப்பது மருத்துவர்கள் பலரின் வழக்கம். அதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இடைத்தீனி கூடாது என்பதும் பொதுவான விதி. மற்ற ஒன்பது பங்கும் சமச்சீரான உணவாக இருந்தால்தான் புரதமும் தாதுக்களும் குறைவுபடா. எனவே 8 கிலோகிராமிலிருந்து 6-க்கு இறங்க வேண்டிய நாயின் ஒரு நாள் இடைத்தீனி 27 கலோரிதான். மேற்சொன்ன பிஸ்கட்டில் ஒன்றோடு அது முடிந்துவிடுகின்றது.

இக்கட்டுரையாளர் இதனை ஏட்டறிவாக மட்டும் கூறவில்லை. எங்கள் வீட்டு மணி ஆறாம் வயதில் 8 கிலோகிராமாகி, மூன்றாம் மாடிக்கு ஏறுகையில் வாத்து கத்துவது போன்ற ஒலியுடன் இருமத் தொடங்கிற்று. சிறு இனங்களில் மூச்சுக்குழல் தளர்ந்து சப்பையாகும் நோய் அது என்றும், எடை குறையாவிடில் மருந்தால் பெரும்பயன் விளையாது என்றும் கால்நடை மருத்துவர் கூறினார். "நாய் என்ன தின்கிறது?" என்ற அவர் கேள்விக்கு, "ஒன்றுமில்லை, இரு வேளை உணவுதான்" என்று வீட்டார் ஒருமுகமாக விடை கூறினோம். ஒரு வாரம் தாளில் குறித்து வைக்கும்படி அவர் பணித்தார். குறித்துப் பார்த்ததில், காலைத் தேநீரின்போது என் பங்காக இரு பிஸ்கட்டு (50), நண்பகலில் என் தாயார் நெய் தடவிக் கொடுக்கும் அரைச் சப்பாத்தி (65), சமைக்கும்பொழுது கீழே 'விழும்' பன்னீர்த் துண்டு (25), பள்ளியிலிருந்து வந்த பிள்ளைகளின் ரஸ்க் ஒன்று (40) என ஒரு நாளில் 180 கலோரி தேறிற்று. நாள் தேவையில் மூன்றில் இரண்டு பங்கு! எவரும் பொய் சொல்லவில்லை; பிறர் கொடுப்பதை ஒவ்வொருவரும் அறியவில்லை, அவ்வளவே.

எனின், எதைக் கொடுப்பது? கொழுப்புச்சத்து ஒரு கிராமுக்கு 9 கலோரி தருகிறது. புரதமும் மாவுப்பொருளும் ஏறத்தாழ 4 கலோரியே தருகின்றன. நீர் ஒன்றும் தருவதில்லை. ஆகவே கொழுப்புக் குறைந்தும் நீர் மிகுந்தும் உள்ள பொருளே சிறந்தது. வெள்ளரிக்காயில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கை ஒட்டி நீரே உள்ளமையால், 27 கலோரிக்கு 150 கிராமுக்கும் மேலாகக் கொடுக்க இடமுண்டு. அவ்வளவையும் எந்தச் சிறு நாயும் தின்னாது, தின்னவும் வேண்டியதில்லை. காரட் ஏறத்தாழ 70 கிராம் கொடுக்கலாம். டில்லியில் குளிர்காலத்தில் வரும் சிவப்புக் காரட்டை மணி மிகவும் விரும்புகிறது. அவித்த பூசணி, பீன்ஸ், கோடையில் விதை நீக்கிய தர்ப்பூசணி ஆகியவையும் ஏற்றவை. உப்பு, மிளகாய், தாளிதம் எதுவும் சேர்த்தலாகாது.

காய்களை முகர்ந்துவிட்டு அகன்று செல்லும் நாய்களும் உண்டு. அவற்றுக்கு அவித்த முட்டையின் வெண்கரு நன்று. ஒரு முட்டையின் வெண்கருவில் 17 கலோரியளவே உண்டு. கொழுப்பு இல்லையென்றே கூறலாம். மஞ்சட்கருவிலோ 55 கலோரியும், நாலரை கிராமை ஒட்டிய கொழுப்பும் உள்ளன. தோல் நீக்கி நீரில் அவித்த கோழியின் மார்பிறைச்சி 16 கிராம் வரை கொடுக்கலாம். சுண்டுவிரல் நகத்தளவாக அரிந்தால் இருபது, முப்பது துண்டுகள் கிடைக்கும். பன்னீரும் நெய்யும் இக்கணக்கில் தோற்றுவிடுகின்றன. பன்னீர் 10 கிராமிலும், நெய் 3 கிராமிலும் நாளின் பங்கு தீர்ந்துவிடும்.

இங்கு ஒரு மயக்கத்தைச் சுட்டுதல் வேண்டும். கொழுப்புக் குறைவானதெல்லாம் கலோரி குறைவானதன்று. பொரியில் கொழுப்பு மிகச் சொற்பம். எனினும் அது உலர்ந்த அரிசியாதலின் 100 கிராமுக்கு 300 கலோரிக்கும் மேல் உண்டு. 8 கிராம் வரைதான் கொடுக்கலாம். இலேசான பொருளாதலின் எண்ணிக்கையில் நிறையத் தோன்றும் என்பது அதன் நன்மை. டில்லிக் கடைகளில் விற்கும் மக்கானா என்னும் நீர்ப்பயிரின் பொரியும் இத்தகையதே. ஆனால் இவ்வூரார் அதனை நெய்யில் வறுத்துவிடுகின்றனர். கடையில் விற்கும் நாய்த்தீனிப் பைகளில் 'கொழுப்புக் குறைந்தது' என்னும் சொல்லைவிட, ஒரு துண்டுக்கு எத்தனை கலோரி என்ற எண்ணே முதலில் பார்க்க வேண்டியது. அவ்வெண் இல்லாத பையை வாங்காதிருப்பதே என் வழக்கம்.

உணவுப்பொருள்களின் சத்து அளவுகளை அறிய நம் நாட்டிலேயே நல்ல அட்டவணைகள் உண்டு. குன்னூரில் இயங்கிய ஊட்டச்சத்து ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநராயிருந்த டாக்டர் அய்க்ராய்டு 1937-இல் வெளியிட்ட சிறு நூல் இவற்றுக்கு முன்னோடி. அந்நிலையம் 1958-இல் ஹைதராபாத்துக்கு மாற்றப்பட்டு, பின்னர் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர்பெற்றது. அது 2017-இல் வெளியிட்ட அட்டவணையில் 528 உணவுகள் அடங்கியுள்ளன. அதில் ஆற்றல் கிலோஜூலில் குறிக்கப்பட்டிருத்தலால், 4.184-ஆல் வகுத்துக் கொள்க.

மனிதர்க்கு நன்மையானவை சில நாய்க்கு நஞ்சாகும். திராட்சையும் உலர்ந்த கிஸ்மிஸும் சிறுநீரகத்தைக் கெடுக்கும். டார்டாரிக் அமிலம் இதற்குக் காரணமாகலாம் என்ற கருத்து 2021-இல் முன்வைக்கப்பட்டது. வெங்காயமும் பூண்டும் செங்குருதியணுக்களைச் சிதைக்கும். கலோரியைக் குறைக்க முனைவோர் தவறிழைக்கக்கூடிய இடம் வேறொன்று: சர்க்கரையற்ற மிட்டாய், சூயிங்கம் முதலியவற்றில் சேரும் சைலிட்டால், நாயின் உடலில் இன்சுலினைத் திடீரெனப் பெருக்கி இரத்தச் சர்க்கரையை வீழ்த்தி உயிருக்கே ஊறு செய்யும். தீபாவளியன்று பூரியையும் நெய்ப் பண்டங்களையும் ஒருங்கே தின்ற நாய்க்குக் கணைய அழற்சி வருவதுமுண்டு. ஓயாத வாந்தியும் வயிற்றுவலியும் காணின் காலந்தாழ்த்தாது மருத்துவரை நாட வேண்டும்.

நாய் பருத்ததா என்பதைக் கண்ணால் அறிய முயலுதல் வீண்; ஸ்பிட்ஸின் மயிர் எவரையும் ஏமாற்றும். விரல்களால் விலாவைத் தடவிப் பார்க்க. விரித்த புறங்கையின் எலும்புகள் தட்டுப்படுவது போல விலாவெலும்புகள் தட்டுப்பட்டால் நலம். உள்ளங்கையின் அடிமேட்டைத் தடவுவது போலிருந்தால் கொழுப்பு மிகுந்துவிட்டது.

இத்தனை கணக்கு ஒரு நாய்க்குத் தேவையா என்போர் உளர். 48 லாப்ரடார் நாய்களைக் கொண்டு அமெரிக்காவில் நடந்து 2002-இல் வெளியான நெடுநாள் ஆராய்ச்சியில், கால் பங்கு உணவு குறைத்துக் கொடுக்கப்பட்டவற்றின் இடைநிலை ஆயுள் 13 ஆண்டு. மற்றவற்றின் ஆயுள் 11.2 ஆண்டு. ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களின் குறிப்புகளை ஆராய்ந்து 2019-இல் வெளியான மற்றோர் ஆய்வில் பொமரேனியனும் இடம்பெற்றது. ஆராயப்பட்ட பன்னிரண்டு இனங்களிலும் நடுவயதில் பருத்தவை முன்னரே மடிந்தன. இக்குறைவு ஆண் ஜெர்மன் ஷெப்பர்டில் ஐந்து மாதமாகவும், மிகச் சிறிய யார்க்‌ஷயர் டெரியர் ஆணில் இரண்டரை ஆண்டாகவும் கணிக்கப்பட்டது.

எங்கள் வீட்டில் காலையில் ஒரு சிறு டப்பாவில் அன்றைய காரட், வெண்கரு, வெள்ளரித் துண்டுகளை இட்டு வைக்கின்றோம். எவர் கொடுப்பினும் அதிலிருந்தே கொடுக்க வேண்டும், தீர்ந்தால் மறுநாள்தான். என் தாயார் முதலில் இதனை ஏற்கவில்லை. நெய்யில்லாத துண்டைக் கொடுப்பது பாவம் என்றார்கள். பிறகு ஒரே துண்டை நான்காக ஒடித்து நான்கு முறை கொடுக்கும் வழியை அவர்களே கண்டுபிடித்தார்கள். மணிக்கு அதில் குறையொன்றும் தெரியவில்லை. ஐந்து மாதத்தில் அதன் எடை 6.3 கிலோகிராமாயிற்று. இருமல் முற்றும் நீங்கவில்லை. ஆயினும் மூன்று மாடியையும் நில்லாது ஏறுகின்றது.

வாரந்தோறும் உடல் எடையில் நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு பங்கு குறைதல் போதும். 8 கிலோகிராம் நாய்க்கு அது 80 முதல் 160 கிராம். இதைவிட விரைந்து குறைப்பது ஆகாது. அளவோடு கொடுத்தும் ஆறு வாரத்தில் எடை அசையாவிடில், முதலில் அண்டை வீட்டாரை விசாரிக்க. அங்கும் குற்றமில்லையெனில் தைராய்டுச் சுரப்பி குறைந்துள்ளதா என்று அறிய இரத்தப் பரிசோதனை செய்விக்க வேண்டும்.