விஜய் அமிர்தராஜ்

விஜய் அமிர்தராஜ் (பிறப்பு: டிசம்பர் 14, 1953, சென்னை) ஓய்வு பெற்ற இந்திய டென்னிஸ் வீரர். 1970களிலும் 80களிலும் உலகின் முன்னணி ஆட்டக்காரர்கள் பலரை வென்றவர். இருமுறை டேவிஸ் கோப்பை இறுதிக்குச் சென்ற இந்திய அணியில் இடம்பெற்றவர். அவற்றுள் ஒரு இறுதிப் போட்டி நடக்கவே இல்லை.

இளமை

ராபர்ட், மேகி அமிர்தராஜ் இணையரின் மூன்று மகன்களில் இவர் நடுவர். அண்ணன் ஆனந்தும் தம்பி அசோக்கும் டென்னிஸ் வீரர்களே. அசோக் பின்னாளில் ஹாலிவுட் தயாரிப்பாளரானார். சிறுவயதில் விஜய் அடிக்கடி நோய்வாய்ப்பட்டார். உடல் தேறுவதற்காகவே டென்னிஸில் சேர்க்கப்பட்டார். நெடிய உருவமும் வலுவான சர்வும், வலைக்கு அருகே வந்து பந்தைத் தரையில் விழவிடாமல் அடிக்கும் வாலி ஆட்டமும் இவருக்குப் புல்தரையில் கைகொடுத்தன.

1973

அவ்வாண்டு விம்பிள்டனை எண்பதுக்கும் மேற்பட்ட தொழில்முறை வீரர்கள் புறக்கணித்தனர். 19 வயது விஜய் காலிறுதி வரை சென்று, செக்கோஸ்லோவாக்கியாவின் யான் கோடெஸிடம் ஐந்து செட்களில் தோற்றார். கோடெஸ்தான் அம்முறை பட்டம் வென்றார். புறக்கணிப்பால் கிடைத்த வாய்ப்பு என்று இதை ஒதுக்கிவிட முடியாது. சில வாரங்களில் அமெரிக்காவின் பிரெட்டன் உட்ஸ் போட்டியின் இறுதியில் ஜிம்மி கானர்ஸை வென்று பட்டம் பெற்றார். தொடர்ந்து அமெரிக்க ஓப்பனில் ராட் லேவரைத் தோற்கடித்தார். அடுத்த ஆண்டு அதே போட்டியில் இளம் பியோன் போர்க்கும் இவரிடம் வீழ்ந்தார். இரு ஆண்டுகளிலும் காலிறுதியில் இவரை நிறுத்தியவர் ஆஸ்திரேலியாவின் கென் ரோஸ்வால்.

அமிர்தராஜ், போர்க், கானர்ஸ் ஆகிய மூவரின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து ‘டென்னிஸின் ஏபிசி’ என்று அக்காலத்தில் பேசப்பட்டது. மற்ற இருவரும் கிராண்ட் ஸ்லாம் பட்டங்களைக் குவித்தனர். விஜய்க்கு ஒற்றையரில் ஒன்றும் கிட்டவில்லை.

1974: ஆடாத இறுதி

டேவிஸ் கோப்பை என்பது நாடுகளுக்கு இடையிலான ஆடவர் அணிப் போட்டி. அக்காலத்தில் அது நான்கு ஒற்றையர் ஆட்டங்களும் ஓர் இரட்டையர் ஆட்டமும் கொண்டிருந்தது. 1974இல் கீழை மண்டல இறுதியில் இந்தியா கல்கத்தாவில் ஆஸ்திரேலியாவை எதிர்கொண்டது. ஆனந்த்-விஜய் இணை இரட்டையர் ஆட்டத்தை 17-15, 6-8, 6-3, 16-18, 6-4 என்று வென்றது. மொத்தம் 99 கேம்கள். (டேவிஸ் கோப்பையில் டைபிரேக்கர் முறை 1989இல்தான் வந்தது. அதுவரை இரண்டு கேம் முன்னிலை கிடைக்கும்வரை செட் நீண்டுகொண்டே போகும்.) ஐந்து ஆட்டங்களிலும் சேர்த்து 327 கேம்கள் ஆடப்பட்டன. 3-2 என வென்ற இந்தியா, புனேவில் சோவியத் யூனியனையும் வீழ்த்தி இறுதிக்கு வந்தது.

எதிரணி தென்னாப்பிரிக்கா. அங்கு கறுப்பின மக்களுடன், நேட்டாலில் தலைமுறைகளாக வாழ்ந்த தமிழர் உள்ளிட்ட இந்திய வம்சாவளியினரும் இனஒதுக்கல் சட்டங்களின் கீழ் இருந்தனர். அமெரிக்கக் கறுப்பின வீரர் ஆர்தர் ஆஷுக்கு 1970இல் அந்நாடு விசா மறுத்திருந்தது. இந்தியாவோ 1946இலேயே தென்னாப்பிரிக்காவுடன் வணிக உறவை முறித்துக்கொண்ட நாடு. எனவே இறுதிப் போட்டியில் ஆடுவதில்லை என்று இந்தியா முடிவெடுத்தது.

கோப்பை, இறுதியில் ஒரு பந்தும் அடிக்காத தென்னாப்பிரிக்காவுக்குப் போயிற்று. அதற்கு முன் அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, பிரான்ஸ் ஆகிய நான்கு தரப்புகளே அதை வென்றிருந்தன. ஆஸ்திரேலியாவையும் சோவியத்தையும் தாண்டி வந்த அணிக்கு ஐந்தாவதாகச் சேரும் வாய்ப்பு உண்மையாகவே இருந்தது. விஜய்க்கு அப்போது 20 வயது. முடிவு சரியானது என்பதில் இன்று பெரிய விவாதம் இல்லை. ஆனால் அதன் விலையை அரசு கொடுக்கவில்லை, ஆட்டக்காரர்கள் கொடுத்தார்கள். இரண்டையும் சேர்த்தே இந்த நிகழ்வைப் படிக்க வேண்டும்.

நழுவிய வெற்றிகள்

1976இல் ஆனந்துடன் விம்பிள்டன் இரட்டையர் அரையிறுதியை எட்டினார். 1979 விம்பிள்டனில் போர்க்குக்கு எதிராக இரண்டுக்கு ஒன்று என்ற செட் கணக்கில் முன்னிலையில் இருந்தும், நான்காவது செட்டை டைபிரேக்கரில் இழந்து தோற்றார். 1981 காலிறுதியில் கானர்ஸுக்கு எதிராக முதலிரு செட்களை வென்ற பின் தோல்வி. 1984இல் மெக்கன்ரோ ஆண்டு முழுவதும் ஒற்றையரில் மூன்றே ஆட்டங்களில் தோற்றார். அதில் ஒன்று சின்சினாட்டியில் விஜய்யிடம். யாரையும் வெல்லக்கூடியவர், ஆனால் இரு வாரங்கள் தொடர்ந்து அந்த உயரத்தில் நிற்க முடியாதவர் என்பதே இந்த முடிவுகள் காட்டும் சித்திரம்.

1987

ரமேஷ் கிருஷ்ணனும் விஜய்யும் முதன்மை வீரர்களாக இருந்த அணி டெல்லியில் அர்ஜென்டினாவை 3-2 என வென்றது. அதில் மார்டின் ஹைடேவிடம் தோல்வியின் விளிம்புவரை சென்று, ஐந்து செட்களில் மீண்டு வென்றார் விஜய். அடுத்து வந்த அணி இஸ்ரேல். இந்தியாவுக்கு அந்நாட்டுடன் அப்போது முழுமையான தூதரக உறவு இல்லை. அது 1992இல்தான் ஏற்பட்டது. ஆயினும் இம்முறை அரசு ஆட்டத்தை அனுமதித்தது. இந்தியா 4-0 என வென்று, சிட்னியில் ஆஸ்திரேலியாவையும் தாண்டியது. கோத்தன்பர்க்கில், உள்ளரங்கக் களிமண் தரையில் நடந்த இறுதியில் சுவீடன் 5-0 என வென்றது. புல்தரை ஆட்டக்காரரான விஜய்க்கு அப்போது 34 வயது.

ஆடுகளத்துக்கு வெளியே

1983இல் வெளியான ஜேம்ஸ் பாண்ட் படமான ‘ஆக்டோபசி’யில் விஜய் என்ற பெயரிலேயே உளவாளியாக நடித்தார், டென்னிஸ் மட்டையால் எதிரிகளை அடிக்கும் காட்சி பலருக்கும் நினைவிருக்கும். அதே ஆண்டில் பத்மஸ்ரீ விருது பெற்றார். தொழில்முறை வீரர்களின் அமைப்பான ஏடிபியில் தலைவராகப் பொறுப்பு வகித்தார். தொலைக்காட்சி வர்ணனையாளராகவும் அறியப்பட்டார். 2001இல் ஐக்கிய நாடுகள் அவையின் அமைதித் தூதராக நியமிக்கப்பட்டார். மகன் பிரகாஷும் இந்தியாவுக்காக டேவிஸ் கோப்பையில் ஆடியவர்.

1980களின் நடுவில் அமிர்தராஜ் குடும்பம் சென்னையில் தொடங்கிய பிரிட்டானியா அமிர்தராஜ் டென்னிஸ் பயிற்சியகத்தில், கல்கத்தாவிலிருந்து வந்த லியாண்டர் பயஸ் என்ற சிறுவன் சேர்ந்தான். அவர் 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் ஒற்றையர் வெண்கலம் வென்றார். 2024இல் அமெரிக்காவின் நியூபோர்ட்டிலுள்ள பன்னாட்டு டென்னிஸ் புகழவையில் இருவரும் ஒரே நாளில் சேர்க்கப்பட்டனர். அங்கு இடம்பெற்ற முதல் ஆசிய ஆடவர்கள் இவர்களே. பயஸ் ஆட்டக்காரர் பிரிவில். விஜய் பங்களிப்பாளர் பிரிவில்.